மேசை நடுவே உருண்ட பகடை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றியிருந்து ஒரு கதையை ஆடும் ஆட்டம்: ஆளுக்கொரு பாத்திரம், ஒருவர் மட்டும் கதையையும் எதிரிகளையும் நடத்துவார், சண்டையின் முடிவைப் பகடை சொல்லும். அப்படி நடத்துகிறவர் தன் பகடையைத் திரைக்குப் பின்னால் மறைத்து உருட்டலாமா, எல்லோரும் பார்க்க மேசை நடுவே உருட்ட வேண்டுமா என்பது வெளியாருக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய வழக்கு. இந்த ஆட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கோ இது தீராத வழக்கு. சில வாரங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டு நிலவறையில் என் மகளுக்கும் அவளுடைய நண்பர்களுக்கும் நான் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவனின் மந்திரவாதி இறந்துபோனான். முதல் நிலை மந்திரவாதி. முழு பலமே ஏழு ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் புள்ளி; அப்போது மீதமிருந்தது ஐந்து. எதிரே நின்ற பக்பேர் என்ற பூதத்துக்கு நான் உருட்டிய இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. அப்படி விழுந்தால் சேதப் பகடைகள் இரட்டிப்பாகும். பதினாறு புள்ளி சேதம். இன்றைய விதிகள் சாவில் மிகவும் தாராளமானவை. பூச்சியத்துக்கு வந்தவன் மயங்கித்தான் விழுவான், பிழைப்பதற்குத் தொடர்ந்து பகடை உருட்டும் வாய்ப்பும் அவனுக்கு உண்டு. ஆனால் பூச்சியத்துக்கு மேல் மிஞ்சிய சேதம் அவனுடைய முழு பலத்துக்குச் சமமாகவோ அதற்கு அதிகமாகவோ இருந்தால், அந்தக் கணமே சாவு. பதினாறில் ஐந்து போனால் பதினொன்று. கணக்கில் தப்ப இடமில்லை.

சிறுவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அடுத்த பாத்திரம் திருடனாக இருக்கலாமா என்று கேட்டான். அவனைப் பொறுத்தவரை விஷயம் அத்துடன் முடிந்தது. அவனுடைய தகப்பனாருக்கு முடியவில்லை. பிள்ளையை அழைத்துப் போக வந்து கடைசி அரைமணி நேரத்தைப் படியில் நின்று பார்த்தவர் அவர். தானும் இளமையில் இந்த ஆட்டத்தை நடத்தியவர். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "திரை எதுக்கு வைச்சிருக்கிறீங்கள்? அதுக்குப் பின்னால உருட்டியிருந்தால் இருபது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவு முழுவதும் எனக்குள் ஓடியது அந்தச் சமாளிப்பல்ல, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய நீண்ட பதில். அதைச் சொல்ல வேண்டுமென்றால், இந்த ஆட்டத்துக்குள் நான் எப்படி வந்தேன் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிவப்புப் பெட்டி

1987 இல் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது, ஸ்காபுரோவில் பெரியம்மாவின் அடுக்குமாடி வீட்டில்தான் தங்கினோம். இரண்டு அறைகளில் இரண்டு குடும்பங்கள். அண்ணா, அதாவது பெரியம்மாவின் மகன், எங்களுக்கு முன்னரே வந்து ஆங்கிலம் பிடிபட்டு, உயர்நிலைப் பள்ளியில் மதிய இடைவேளைகளில் தன் நண்பர்களோடு இந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தவர். எனக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது அண்ணா வாங்கிவந்த ஒரு சிவப்புப் பெட்டியை, ஆங்கிலம் பழகு என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டி 1983 இல் வந்த அடிப்படைத் தொகுப்பு என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஃபிராங்க் மென்ட்ஸர் திருத்தியமைத்த பதிப்பு. மேலட்டையில் லாரி எல்மோர் வரைந்த செந்நிறப் பறவைநாகம் ஒன்று ஒற்றை வீரனை நோக்கி வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே ஆட்டக்காரருக்கு ஒரு நூல், நடத்துகிறவருக்கு ஒரு நூல், ஆறு பகடைகள், ஒரு கிரேயோன். கிரேயோன் எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. ஊரில் தாயக்கட்டை பார்த்திருக்கிறேன், ஆறு முகப் பகடையும் பார்த்திருக்கிறேன். நான்கு முகத்திலும் இருபது முகத்திலும் பகடை இருக்கும் என்பது எனக்குப் புதிது. அதைவிடப் புதிது, அவற்றின் இலக்கங்கள் நிறமே இல்லாமல் வெறும் பள்ளங்களாகப் பொறிக்கப்பட்டிருந்தது. கிரேயோனை அந்தப் பள்ளத்தின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். மெழுகு உள்ளே இறங்கியதும் மேலே ஒட்டியிருப்பதைப் பெருவிரலால் வழித்துவிட வேண்டும். அப்போதுதான் இலக்கம் தெரியும். நாலைந்து நாள் உருட்டினால் மெழுகு உதிர்ந்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். 6, 9 இரண்டையும் அடையாளம் காண்பதில் எனக்கும் தங்கைக்கும் நடந்த சண்டைகள் தனி.

அம்மாவுக்குப் பகடையைக் கண்டதும் பிடிக்கவில்லை. அந்நாளில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் பேய் வழிபாட்டுக்கு வழி என்று சொல்லித் தாய் ஒருவர் இயக்கமே தொடங்கியிருந்தார். தேவாலயங்களிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் பயம் பரவியிருந்தது. அதெல்லாம் அம்மாவின் காதுக்கு எட்டவில்லை. அவருடைய பயம் பாரதத்திலிருந்து வந்தது. காசு வைத்து ஆடுவதில்லை, பெரியம்மாவின் மகனே சொல்கிறான் என்று நான் வாதாடியபோது, "பாண்டவரும் முதல் நாள் சும்மாதான் இருந்திருப்பினம்" என்றார். பின்னர் நான் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இருப்பதைக் கண்டு, சூது பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

ஆட்டக்காரருக்கான நூல் விதிகளோடு தொடங்குவதில்லை. ஒரு கதையோடு தொடங்குகிறது. நீ ஒரு வீரன், குகைகளைத் தேடிப் போகிறாய். வழியில் ஒரு பாம்பு. அதனுடன் சண்டையிடும்போது பகடை எப்படி வேலை செய்கிறது என்று கற்றுத்தருகிறது. பிறகு அலீனா என்ற பூசகியைச் சந்திக்கிறாய். அவள் உன் காயத்தைக் கவனிக்கிறாள், அறிந்தவற்றைச் சொல்லித்தருகிறாள், பிணந்தின்னிப் பேய்களைத் தன் தெய்வத்தின் பேரால் விரட்டுகிறாள். புது நாட்டில் பாஷை தெரியாமல் இருந்த எனக்கு, பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன முதல் ஆங்கிலக்காரி அவள்தான். அதன்பின் பார்கில் என்ற மந்திரவாதி வருகிறான். அவனுடைய பக்கத்தில் ஒளிவிடும் ஓர் அம்பு தோன்றுகிறது, பாய்கிறது, அலீனா இறந்துவிடுகிறாள். அவ்வளவுதான். நீ எந்தப் பகடையை எப்படி உருட்டினாலும் அவள் இறந்தே தீருவாள். அவளுடைய உடலை ஊருக்குச் சுமந்துகொண்டு வருவதுதான் உனக்கு மிஞ்சும்.

நான் அந்தப் பக்கங்களை மீண்டும் மீண்டும் படித்தேன், ஆங்கிலம் சரியாக விளங்காததால் தப்பும் வழியைத் தவறவிட்டிருப்பேன் என்ற நம்பிக்கையில். வழி இல்லை. அச்சடித்த புத்தகத்தில் இருக்கவும் முடியாது. எண்பதுகளில் அந்தப் பெட்டியோடு இந்த ஆட்டத்துக்குள் வந்த பலருக்கு இன்றும் பார்கில் என்ற பெயரைச் சொன்னால் முகம் மாறும், எனக்கும் அப்படித்தான்.

அண்ணா நடத்திய ஆட்டம்

குளிர்கால விடுமுறையில் ஒரு பிற்பகல், பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தபோது, அண்ணா அதே குகையை எனக்காகத் தமிழில் நடத்தினார். நான் கேட்டுத்தான் நடத்தினார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டார், திரையென்று எதுவும் வைக்கவில்லை. சமையலறை மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள், பகடைகள், கோடு போட்ட கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். என் வீரனுக்குப் பண்டார வன்னியன் என்று பெயர் வைத்திருந்தேன். வேறு எந்த வீரனையும் எனக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது. பாம்பிடம் கடி வாங்கி, பிறகு கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றோடு மல்லுக்கட்டி, பார்கில் வந்து நிற்கும்போது எனக்கு மிஞ்சியிருந்தது நான்கு ஹிட் பாயிண்ட்.

பார்கில் கையை உயர்த்துகிறான், அவனருகில் ஓர் ஒளியம்பு தோன்றுகிறது என்று அண்ணா சொல்லி நிறுத்தினார். "என்ன செய்யிறாய்?"

புத்தகம் அந்த இடத்தில் என்னைக் கேட்டதில்லை. "குறுக்க போய் நிக்கிறன். கேடயத்தோட" என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணா செய்ததைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக மனத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடியாது என்று சொல்லவில்லை, உடனே சரி என்றும் சொல்லவில்லை. நூலை எடுத்து அந்த மந்திரத்தின் பத்தியைத் தேடிப் படித்தார். ஒளியம்பு குறி தவறாது. கண்ணுக்குத் தெரியும் எந்த இலக்கையும் தானாகவே தாக்கும், கேடயம் உதவாது என்று எனக்குச் சொன்னார். சற்று யோசித்தார். "கண்ணுக்குத் தெரிஞ்சால்தானே? நீ முன்னால நிண்டால் அவனுக்கு அலீனா தெரியமாட்டாள், நீதான் தெரிவாய். ஆனால் அவன் மந்திரத்தை முடிக்க முதல் நீ அங்க போய்ச் சேர வேணும்." ஆளுக்கொரு ஆறு முகப் பகடை உருட்டி யார் முந்துகிறார் என்று பார்ப்பது அந்தப் பதிப்பின் வழக்கம். அதைச் சொன்னார். பிறகு, பகடையை என் கையில் தருவதற்கு முன், இன்னொன்றும் சொன்னார்: "உனக்கு நாலு இருக்கு. இது ரெண்டில இருந்து ஏழு வரைக்கும் அடிக்கும். பூச்சியத்துக்கு வந்தால் சாவுதான். யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. நான் உருட்டியது ஐந்து. அண்ணா உருட்டியது இரண்டு. நான் முந்திவிட்டேன். அம்பின் சேதத்துக்காக அண்ணா ஆறு முகப் பகடையை மேசை நடுவே, இரண்டு கோப்பைகளுக்கும் இடையில் உருட்டினார். கிரேயோன் மெழுகு பாதி உதிர்ந்திருந்தபடியால் இருவருமே குனிந்து பார்த்தோம். நான்கு. அதனுடன் ஒன்று கூட்டினால் ஐந்து. என்னிடம் இருந்தது நான்கு.

"செத்திட்டாய்" என்றார் அண்ணா. குரலில் கேலியும் இல்லை, ஆறுதலும் இல்லை. நான் தாளைப் பார்த்தேன். அழுகை வரும்போலிருந்தது, ஆனால் அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. "அப்ப அலீனா?" என்று கேட்டேன். அண்ணா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார். அலீனாவின் எண்கள். "உயிரோட நிக்கிறாள். அவளுக்கு முன்னால நீ விழுந்து கிடக்கிறாய். கையில தண்டாயுதம் இருக்கு. என்ன செய்யிறாய்?"

அன்று மிச்ச ஆட்டத்தை நான் அலீனாவாக ஆடினேன். பார்கில் தப்பி ஓடிவிட்டான். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பண்டார வன்னியனின் உடலை அலீனா ஊருக்குச் சுமந்து வந்தாள்.

தீர்ப்பிலா, பகடையிலா

இந்த ஆட்டத்தின் மூதாதை போர்ப் பயிற்சி ஆட்டம். பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824 இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீலில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார், பகடையும் இருந்தது. எத்தனை பேர் வீழ்ந்தார்கள் என்பதைப் பகடையும் அட்டவணைகளும் சேர்ந்து சொல்லும். அந்த விதிகள் கனத்துப் போனதால், 1876 இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அவற்றை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் முடிவே போதும் என்றார். ஆக, என் வீட்டுப் படியில் நின்று அந்தத் தகப்பனார் எழுப்பிய கேள்விக்குக் கிட்டத்தட்ட நூற்றைம்பது வயது ஆகிறது. விளைவை யார் தீர்மானிப்பது, பகடையா, நடுவரா?

பிறகு 1960-களின் இறுதியில் மினியாபொலிஸ் பக்கத்தில் டேவிட் வெஸ்லி நடத்திய பிரவுன்ஸ்டைன் ஆட்டங்களில் ஒவ்வொருவரும் படைக்குப் பதில் ஒரே ஓர் ஆளாக ஆடினார்கள்; அங்கே ஆடிய டேவ் ஆர்னெசன் அதைப் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனார்; அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974 இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள், முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். இவை அன்பர்கள் அறிந்தவை. எனக்கு இங்கே தேவையானது, கைகாக்ஸ் 1979 இல் நடத்துகிறவர்களுக்காக எழுதிய வழிகாட்டியில் இந்த வழக்கைப் பற்றிச் சொன்னதுதான். நன்றாக ஆடிய ஒருவனின் பாத்திரம் அவன் தவறே இல்லாமல் சாகும் நிலை வந்தால், நடத்துகிறவர் தலையிட்டு அதை மயக்கமாகவோ ஊனமாகவோ குறைக்கலாம் என்பது அவர் கருத்து. முட்டாள்தனமாக ஆடியவனுக்குப் பகடை சொன்னபடியே நடக்கட்டும். நியாயமான கருத்துத்தான். ஆட்டத்தை உருவாக்கியவரே திரையை அனுமதிக்கிறார் என்று அந்தத் தகப்பனார் என்னிடம் இதை எடுத்துக் காட்டலாம், காட்டுவார் என்றும் எதிர்பார்க்கிறேன்.

ஆனால் கைகாக்ஸின் அளவுகோலில் அண்ணா என்ன செய்திருக்க வேண்டும்? நான் முட்டாள்தனமாக ஆடவில்லை. ஒரு சிறுவனால் முடிந்தவரை நன்றாகவே ஆடினேன். அண்ணா பகடையைத் தன் கையால் மறைத்து, "ரெண்டு" என்று சொல்லியிருக்கலாம். பண்டார வன்னியனும் பிழைத்திருப்பான், அலீனாவும் பிழைத்திருப்பாள். நான் துள்ளியிருப்பேன். ஆனால் ஒரு மாதம் கழித்தோ ஒரு வருடம் கழித்தோ, அந்த இரண்டு உண்மையிலேயே விழுந்ததா என்ற கேள்வி வந்திருக்கும். பிள்ளைகளுக்கு அது வராமல் இருக்காது. வந்த பின்னர், அலீனாவை நான் காப்பாற்றினேனா, அண்ணா எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்தாரா என்று சொல்ல முடியாமல் போயிருக்கும். அண்ணாவுக்கு என்மேல் பாசம் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பகடை தேவைப்படவில்லை. அந்த மேசையில் எனக்குக் கிடைத்தது வேறு: என் சொல்லுக்கு ஒரு விலை இருந்தது, அந்த விலையை நானே கொடுத்தேன், கொடுத்ததற்கு உரியது கிடைத்தது.

அதனால் அண்ணா இரக்கமற்றவர் என்று ஆகிவிடாது. அவருடைய இரக்கம் முழுவதும் பகடை உருளுவதற்கு முன்னரே செலவாகியிருந்தது. புத்தகம் ஒத்துக்கொள்ளாத ஒரு செயலை அவர் மதித்துக் கேட்டார்; விதியை வாசித்து, அதற்குள் எனக்கு இடமளிக்கும் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தார்; எவ்வளவு அடிபடும், எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லி, யோசிக்க நேரமும் தந்தார். அவ்வளவும் நடத்துகிறவரின் அதிகாரத்துக்குள் இருப்பவை. வெர்டி சொன்ன அந்த அனுபவமுள்ள நடுவர் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். உருட்டிய பிறகு எண்ணை மாற்றுவது, கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டதைக் கடைசியில் களவாக ஈடுசெய்வது.

மந்திரவாதிச் சிறுவனுக்கும் இதையேதான் செய்தேன். பக்பேரின் முள்ளுத் தடி ஒரே அடியில் உன்னைக் கொன்றுவிடக்கூடும், கதவுக்குப் பின்னால் நின்றும் மந்திரம் போடலாம் என்று சொன்னேன். அவன் கேட்டான், எண்ணினான். என் மகளின் பாத்திரம் தரையில் மயங்கிக் கிடந்தபடியால், அவளுக்கும் பக்பேருக்கும் இடையில் போய் நின்றான். அண்ணாவின் கதையை நான் அந்தப் பிள்ளைகள் யாருக்கும் சொன்னதில்லை. படியில் நின்ற தகப்பனார் அந்தப் பகுதியையும் பார்த்திருந்தார். ஆனால் அவருக்கு நினைவில் நின்றது இருபது மட்டுமே. ஒரு தகப்பனுக்கு அப்படித்தான் இருக்கும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அண்ணா எனக்கு ஒரே ஒரு பிற்பகல் ஆட்டம் நடத்தினார். இந்தப் பிள்ளைகளோ மாதக்கணக்கில் ஒரு பாத்திரத்தை வளர்க்கிறார்கள், படம் வரைகிறார்கள், பெயரைப் புத்தகப் பையில் எழுதுகிறார்கள். இழப்பின் அளவு ஒன்றல்ல. எல்லாப் பிள்ளைகளும் ஒரேமாதிரி தாங்கிக்கொள்வதும் இல்லை. இதற்காகத்தான் இப்போது புதிய ஆட்டம் தொடங்கும்போதே, சாவு வேண்டுமா, வேண்டாமா என்று பிள்ளைகளிடம் கேட்கிற பழக்கம் பல மேசைகளில் இருக்கிறது, நானும் கேட்டேன். எங்கள் மேசையில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சாவில்லாத விதியைப் பகிரங்கமாக வைத்து, பகடையை அப்போதும் நடுவிலேதான் உருட்டியிருப்பேன்.

இதையெல்லாம் போன கிழமை அந்தத் தகப்பனாருக்குத் தேநீர் கொடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அண்ணாவின் கதை அவருக்குப் பிடித்திருந்தது, முடிவு பிடிக்கவில்லை. உங்கள் அண்ணாவுக்கு அதிர்ஷ்டம், அலீனா என்று ஒருத்தி பக்கத்தில் நின்றாள், உடனே உங்கள் கையில் கொடுக்க முடிந்தது என்றார். அது இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பேச்சு நீண்டு, அடுத்த மாத ஆட்டத்தைத் தானே நடத்துவதாக அவர் சொல்லியிருக்கிறார், திரையோடு. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் ஓர் ஆட்டக்காரனாக உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பூசகி ஒருத்தியின் தாளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் மகள் அவளுடைய ஹிட் பாயிண்டைப் பார்த்துவிட்டு, இவள் இரண்டாவது அறையைக்கூடத் தாண்டமாட்டாள் என்கிறாள்.